எங்கள் ஊர்ச் சாரணர் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளித் திடலில் விசில் சத்தம் கேட்டால் அது நாங்கள்தான். பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பள்ளி வாசலில் கேட்பார்கள், சந்தையில் மீன் வாங்கும்போது கேட்பார்கள், இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சாரணர் என்றால் வெயிலில் காவாட் (அணிவகுப்பு) போடுவதுதானே?

காவாட் உண்டு. ஒரு கூட்டத்தில் கால் மணி நேரம் போடுவோம், போட்டி நெருங்கினால் கொஞ்சம் கூடும். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் சாரணியம் என்று சொல்வது, கோவிலுக்குப் போய் செருப்பு விடும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதை.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் முதல் முகாமை நடத்தியபோது ஏறக்குறைய 20 பையன்கள்தான் இருந்தார்கள். வசதியான விடுதிப் பள்ளி மாணவர்களையும் சாதாரண உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை என்று அணிகளுக்குப் பெயர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையன்தான் தலைவன். பெரியவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். நூறு வருடம் தாண்டியும் மாறாதது இந்த ஏற்பாடுதான்.

எங்கள் குழுவிலும் ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. முகாமில் என்ன சமைப்பது, யார் விறகு பொறுக்குவது, யார் பானை கழுவுவது என்று அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். ஒருமுறை ஓர் அணி அரிசி, சார்டின் டின், வெங்காயம், பெருஞ்சீரகம் வரைக்கும் எல்லாம் கொண்டு வந்தது, பானையை மறந்துவிட்டது. மற்ற அணிகளிடம் கேட்க ரோஷம். பெரிய மைலோ டின்னில் சோறு பொங்கினார்கள். அடி பிடித்தது, மேலே வேகவில்லை, நடுவில் இருந்தது மட்டும் சோறு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், உதவவில்லை. அடுத்த முகாமுக்கு அந்தப் பயல்கள் எழுதிக் கொண்டுவந்த பட்டியலில் முதல் வரி "பானை", இரண்டாவது வரி "பானையின் மூடி".

எந்த வயதில் சேரலாம்?

மலாயில் பெங்காகாப் என்றால் சாரணர். ஆரம்பப் பள்ளியில் பெங்காகாப் கானாக்-கானாக், இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பெங்காகாப் மூடா, அதற்கு மேல் ரெமாஜா. பள்ளி முடித்த இளைஞர்களுக்குக் கெலானா. ரெமாஜா பிரிவில் எட்டக்கூடிய மிக உயர்ந்த விருது பெங்காகாப் ராஜா. நடுவில் வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை. படிவம் இரண்டில் வந்து சேர்ந்து, ஒரே வருடத்தில் அணித் தலைவனானவனும் எங்களிடம் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு இடம் இல்லையா?

எங்கள் வட்டாரத்தில் பெண் பிள்ளைகள் தங்களுக்கான சாரணியர் இயக்கத்தில், ஆரம்பப் பள்ளியில் துனாஸ் புத்ரியிலும் பிறகு பாண்டு புத்ரியிலும் சேர்கிறார்கள். கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை), முதலுதவிப் பயிற்சி, வரைபட வேலை இவையெல்லாம் சேர்ந்தே நடக்கின்றன. இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பே இல்லாமல் சில சிறுமிகள் சீருடை போட்டுக்கொண்டு வந்து, "நாங்களும் சாரணர்தான்" என்று நின்றார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கான இயக்கம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்தக் குணம் குறைவில்லை. போன முறை கயிறு கட்டும் போட்டியில் பையன்கள் தோற்றதைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை.

செலவு எவ்வளவு ஆகும்?

சீருடைதான் பெரிய செலவு. அதற்காக யாரும் பின்வாங்க வேண்டாம். பெரிய பிள்ளைகள் விட்டுச்சென்ற சீருடைகளைத் துவைத்து, தேய்த்து, பள்ளி ஸ்டோரில் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறோம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், யார் வாங்கினார்கள் என்று கணக்கு எழுதுவதில்லை. புதிதாக வாங்குவதானால் காற்சட்டையை ஓர் அளவு கூட்டி வாங்குங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று மாதத்தில் எங்கே போவான் என்று சொல்ல முடியாது.

கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் அழகுக்கு மட்டும் இல்லை. கை உடைந்தால் தூளி, காயத்துக்குக் கட்டு, சூடான பானையைப் பிடிக்கத் துணி. கடைசிப் பயன்பாட்டை நான் தடை செய்திருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை டியூஷன் இருக்கிறதே?

தெரியும். ஊரில் பாதி டியூஷன் சனிக்கிழமையில்தான். பத்தரைக்கெல்லாம் விட்டுவிடுவோம், பதினோரு மணி வகுப்புக்குப் போய்ச் சேரலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை என்று மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். சீருடை இயக்கம் அந்தப் பத்தில் அடக்கம். ஆனால் மதிப்பெண்ணுக்காக மட்டும் அனுப்பினால் பிள்ளைக்கே தெரிந்துவிடும். வருகைப் பதிவில் பெயர் இருக்கும், ஆள் நிழலில் உட்கார்ந்திருப்பான்.

முகாமில் கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. என்னிடமும் இன்னொரு பொறுப்பாளரிடமும் இருக்கும். அவசரம் என்றால் அழையுங்கள். "சாப்பிட்டானா?" என்பது அவசரம் இல்லை.

சமயம் தடையாக இருக்குமா? சாப்பாடு எப்படி?

உறுதிமொழியில் இறைவன், அரசர், நாடு மூன்றுக்கும் கடமை உண்டு. அந்த இறைவன் யார் என்பது அவரவர் வீட்டு விஷயம். எங்கள் குழுவில் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம். மலாய், சீனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முகாமில் காலையில் ஐந்து நிமிடம் அவரவர் வழிபாடு. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் முகாமுக்கு வராது. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் பிள்ளைக்குச் சைவம். இதுவரை இதில் ஒரு சண்டையும் வந்ததில்லை. சண்டை எல்லாம் கூடாரத்தில் யார் நடுவில் படுப்பது என்பதில்தான்.

ஆறு, பாம்பு, அட்டை… பயமாக இருக்கிறது. எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

நியாயமான பயம், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஆறு. இதில் என் தவறு ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன், நான் புதிதாகப் பொறுப்பேற்ற காலத்தில், ஆற்றோரம் மணல் சமமாக இருக்கிறதே என்று அங்கேயே கூடாரம் போடச் சொன்னேன். எங்களுக்கு மேல் ஒரு துளி மழை இல்லை. உள்காட்டில் பெய்திருக்கிறது. இரவில் ஆற்றின் சத்தம் மாறியதைக் கேட்டு எழுந்தவன் ஒரு பதின்மூன்று வயதுப் பையன், நான் இல்லை. எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றினோம். இரண்டு பானையும் எட்டுச் சோடிக் காலணியும் ஆற்றோடு போயின. இந்தத் திடீர் ஆற்று வெள்ளத்தைத்தான் மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும் அதன் அறிகுறி. இப்போது மேட்டில்தான் கூடாரம், குளிக்கும்போது கரையில் ஓர் ஆள் தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இடி கேட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியே. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகுதான் மறுபடியும் திறந்த வெளிக்கு.

ஆற்றில் இன்னோர் ஆபத்து எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் புண் வழியாக உடம்பில் கிருமியை ஏற்றிவிடும். காலில் புண் உள்ள பிள்ளையை இறக்குவதில்லை. முகாம் முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் "ஆற்றில் குளித்தான்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி அவருக்குப் பெரிய உதவி.

பாம்பு. எலியைத் தேடி நாகம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கு வரத்தான் செய்யும். நம் நாட்டில் விஷத்தைப் பீய்ச்சும் நாகமும் உண்டு. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் தாத்தா காலத்து வைத்தியம். மூன்றும் கெடுதல். மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 999-ஐ அழைக்க வேண்டும். பிள்ளைகள் இதை நாடகம் போட்டுப் பழகியிருக்கிறார்கள். பாம்பாக நடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை.

அட்டை வெறும் அருவருப்புதான். நகத்தால் அதன் வாய்ப் பக்கத்தை நெருடினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது எச்சிலில் ஒன்றைக் கலந்துவிடுவதால் கொஞ்ச நேரம் வடியும், அழுத்திப் பிடித்தால் போதும். பழைய ஆட்கள் புகையிலையோ சுண்ணாம்போ தடவுவார்கள். அதனோடு சண்டை போட நான் தயாராக இல்லை, பாட்டிகள் விட மாட்டார்கள்.

கயிறு கட்டப் பழகி என்ன ஆகப் போகிறது?

புக்கு சிலா, மானுக், தின்டே காசே என்று மலாய்ப் பெயரில்தான் பிள்ளைகளுக்கு முடிச்சுகள் தெரியும். புக்கு சிலா இரண்டு நுனிகளைச் சேர்ப்பது. உலகச் சாரணர் சின்னத்தைச் சுற்றியிருக்கும் கயிற்றின் அடியில் இருப்பது அதே முடிச்சு. அந்தச் சின்னத்தின் இரண்டு நட்சத்திரங்களுக்கும் சேர்த்துப் பத்து முனை, பத்துச் சாரணர் விதிகளுக்காக. தின்டே காசே எவ்வளவு இழுத்தாலும் இறுகாத கண்ணி. கிணற்றில் விழுந்தவனை அதில் உட்கார வைத்துத் தூக்கலாம்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். பேரனை அழைத்துப் போக வந்த ஒரு தாத்தா, ஓய்வுபெற்ற பால்மர (ரப்பர்) தொழிலாளி, வேலியோரம் நின்று சிரித்தார். "சார், இது ஆட்டுக்குட்டியக் கட்டுற முடிச்சு. இதுக்கா இத்தன பேரு?" அன்றைக்கே அவரைத் திடலுக்குள் இழுத்துவிட்டேன். இப்போது மாதம் ஒருமுறை கத்தி தீட்டுவதும் கத்தியைக் கையாள்வதும் அவர் வகுப்பு. பழைய பால் உளியைக் கொண்டுவந்து காட்டுவார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வெட்ட வேண்டும். பால் நாளங்கள் சாய்ந்து ஓடுவதால் அப்போதுதான் அதிக நாளங்கள் அறுபடும். பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்து, பிறகு வெட்ட உதவாது. விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கத்தி கூர்மையா இருந்தா கை வெட்டுப்படாது, மொட்டையா இருந்தாத்தான் வழுக்கும்" என்பார். எந்தச் சாரணர் பயிற்சியிலும் இதைத்தான் சொல்வார்கள்.

அவர் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பெரட்டு என்றுதான் சொல்வார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும் அதே பெரட்டு. பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்த ஆண்டு என்ன செய்தீர்கள்?

டெங்கிக்கு எதிரான கோத்தோங் ரோயோங் வழக்கம்போல் நடந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீர் தேங்கும் இடங்களைக் கவிழ்த்தாலே வேலை பாதி முடிந்தது. அடுக்குமாடி வீடுகளில் பூச்சட்டித் தட்டும் கோவில் பின்புறத்தில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையும்தான் பெரிய குற்றவாளிகள். போகிறது, அதைவிட முக்கியமான வேலைக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு முழுக்க எங்களைப் பிடித்துக்கொண்டது வரைபடம். பட்டணத்திலிருந்து சில மைல் தள்ளி ஒரு தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் தாத்தா பாட்டி அங்கே பிறந்தவர்கள். லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். கோவில் மட்டும் நிற்கிறது, ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குப் போய் வருகிறோம். ஒரு நாள் ஒரு பையன் கேட்டான்: "சார், பாட்டி வீடு எங்க இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, பழைய தோட்டத்தின் வரைபடத்தை நாமே வரைவது என்று முடிவு செய்தோம்.

முதலில் நடை அளவு. திடலில் 100 மீட்டர் அளந்து, வலது கால் எத்தனை முறை பதிகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணினார்கள். ஒருவனுக்கு 62, இன்னொருவனுக்கு 71. அவரவர் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டால் பிறகு அளவு நாடா தேவையில்லை. செம்பனையும் உதவியது: முக்கோண வரிசையில் ஏறக்குறைய 9 மீட்டருக்கு ஒரு மரம் என்பதால் மரத்தை எண்ணி நடை அளவைச் சரிபார்த்தோம்.

அடுத்தது திசை. ஆங்கிலச் சாரணர் பாடத்தில் கைக்கடிகாரத்தை வைத்துத் தெற்கைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. மணி முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, அதற்கும் 12-க்கும் நடுவில் பார்த்தால் தெற்கு. பிள்ளைகள் அதைச் செய்து பார்த்துக் குழம்பினார்கள், கோவில் இடம் மாறிவிட்டது. அந்த வழி குளிர் நாட்டுக்கு ஏற்றது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைகூட வடக்கில் இல்லை. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முற்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மீதி மாதங்களில் தெற்கே. அது மட்டும் இல்லை, இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். துருவ நட்சத்திரமும் அடிவானத்தை ஒட்டிக் கிடப்பதால் மரம் மறைத்துவிடும். நமக்கு உதவுவது வேறு: திருவாதிரை நட்சத்திரத்தின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள். அவை ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும்.

பகலில் திசைகாட்டிதான். அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. முனியாண்டி சன்னதியில் நட்டிருந்த பெரிய இரும்புச் சூலத்தின் பக்கத்தில் நின்று ஓர் அணி அளந்தது. முள் தாறுமாறாக ஆடியது. சாமிதான் ஆட்டுகிறது என்று ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இரும்பு என்று நான் சொன்னேன். பத்தடி தள்ளி நின்று அளந்ததும் முள் சரியாக நின்றது. "பயந்து தள்ளி வந்ததால சாமி விட்டுருச்சு" என்று அவன் முடித்துவிட்டான்.

பிறகுதான் பாட்டிகள். மூவரை வேனில் அழைத்துப் போனோம். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஆயாக் கொட்டகை (வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம்) எங்கே இருந்தது என்று சண்டை. ஒருவர் கோவிலுக்குக் கிழக்கே என்றார், ஒருவர் ஆற்றுப் பக்கம் என்றார். மூன்றாமவர் பேசாமல் நடந்துபோய் ஒரு பலா மரத்தடியில் நின்றார். "இந்த மரத்துல தூளி கட்டி என் மூத்தவள போட்டுட்டுத்தான் பால் வெட்டப் போவேன்." புல்லை விலக்கிப் பார்த்தால் சிமெண்டுத் தரை. பிள்ளைகள் அந்த இடத்தை வரைபடத்தில் குறித்தபோது பென்சில் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இன்னொரு பாட்டி லயங்களைச் சுற்றி முள்வேலி இருந்ததாகத் தன் அம்மா சொன்னதைச் சொன்னார். 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. தோட்ட மக்களை வேலிக்குள் ஒன்றாகக் குடியமர்த்திய காலம் அது. பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் தேர்வுக்குப் படித்த தேதி. வேலி தன் கொள்ளுப்பாட்டியின் வீட்டைச் சுற்றியும் இருந்தது என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வேலியைப் புள்ளிக் கோடாக வரைந்திருக்கிறோம், கண்ணால் பார்த்தவர் யாரும் இன்னும் கிடைக்கவில்லை என்பதால்.

அந்த வரைபடத்தைப் பார்க்க முடியுமா?

பள்ளி மண்டபத்தில் மாட்டியிருக்கிறோம். சனிக்கிழமை காலை வந்தால் பார்க்கலாம். பென்சிலில்தான் இருக்கிறது, மை போடவில்லை. யாராவது வந்து "இது இங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், பிள்ளைகளும் அழித்து அழித்து வரைகிறார்கள்.

பெற்றோர் எப்படி உதவலாம்?

முகாமுக்கு வேன் ஓட்ட ஆள் வேண்டும். மூங்கில் வேண்டும். பயன்படாத கயிறு எதுவானாலும் வேண்டும், நைலான் தவிர. அது வழுக்கி முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள். நாற்காலியும் தே தாரேக் தேநீரும் எங்கள் பொறுப்பு. லயம், ஆயாக் கொட்டகை, ரப்பர் ஸ்டோர், கிராணி (தோட்டக் கணக்கர்) வீடு எல்லாம் கிடைத்துவிட்டன. மூன்றாவது லயத்துக்குப் பின்னால் ஒரு பொதுக் கிணறு இருந்ததாக நான்கு பேர் சொல்கிறார்கள், நான்கும் நான்கு திசை. அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.